பள்ளிக்கு வரும் நர்ஸ் எங்கே படிக்கிறார்?

வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டபோது மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் ஒன்று மாறவில்லை. தமிழ்நாட்டின் மற்ற கிராமங்களைப் போலவே இங்குள்ள அரசுப் பள்ளிகளிலும் "ஸ்கூல் நர்ஸ்" என்ற தனிப் பதவி கிடையாது. பிள்ளைகள் "நர்சம்மா" என்று கூப்பிடுவது கிராம சுகாதார செவிலியரைத்தான்.

பள்ளி நர்ஸ் என்ற வேலை உருவான கதை சுவையானது. நியூயார்க் பள்ளிகளில் கண்நோய், சிரங்கு, பேன் உள்ள பிள்ளைகளை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. படிப்பு போனதுதான் மிச்சம். 1902 அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் 4 பள்ளிகளில் ஒரு மாதச் சோதனையாக வேலை செய்தார். பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடுகளுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். திட்டமும் நிலைத்தது.

இந்தியாவில் 1909-ல் பரோடாவில் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. ஆனாலும் பள்ளி சுகாதாரப் பணி நாட்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று 1946-ல் போர் கமிட்டி சொன்னது.

நர்ஸ் பயிற்சிக்குச் சட்டம் மட்டும் முன்பே வந்துவிட்டது. 1926-ல் சென்னை மாகாண நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம். 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். இன்று ஏ.என்.எம். 2 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். படித்து முடித்து மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். ஏ.என்.எம். பாடத்தில் பள்ளி சுகாதாரம் ஒரு பகுதி, அவ்வளவுதான். இங்கிலாந்திலோ பதிவுபெற்ற நர்ஸ், பள்ளி நர்சிங்குக்குத் தனியாகவும் படித்துத் தகுதி பெறும் வழி இருக்கிறது.

2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர்கள், நர்ஸ், மருந்தாளுநர் கொண்ட குழு வண்டியில் பள்ளிக்கு வருகிறது. விதிப்படி வருடத்துக்கு ஒரு முறை. கிராம செவிலியருக்கோ சமவெளியில் 5000 பேர், மலைப்பகுதியில் 3000 பேர் என்பது கணக்கு. பிரசவம், தடுப்பூசி எல்லாம் போக மிச்ச நேரம்தான் பள்ளிக்கு.

லீனா ரோஜர்ஸ் ஜெயித்தது திரும்பத் திரும்பப் பள்ளிக்குப் போனதால். தனிச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதைப் படித்து வருபவருக்குப் பள்ளியில் ஒரு நாற்காலியும் வேண்டுமே!