நூற்று இருபது நாள் எல்லை: ஈரானின் தலசீமியாத் தடுப்பு வரலாறு

மருத்துவச் சான்றின்றித் திருமணத்தைப் பதிவு செய்யலாகாது என்னும் சட்டம் ஈரானில் 1938ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தொற்றுநோய்களைக் கருதி எழுந்த அச்சட்டம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் எவரும் எண்ணியிராத பணிக்குப் பயன்பட்டது.

காஸ்பியன் கடலோரத்திலும் வளைகுடாக் கரையிலும் தலசீமியா மரபணுவைச் சுமப்போர் மிகுதி. சுமப்பவருக்குத் துன்பமில்லை, பலர் அதை அறிவதுமில்லை. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புண்டு. நோயுற்ற குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். அவ்விரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதனை வெளியேற்ற, இரவுதோறும் தோலடியில் ஊசி செருகி மணிக்கணக்கில் மருந்து செலுத்துவதே நெடுங்காலம் வழியாக இருந்தது.

1997இல் மணத்துக்கு முந்திய தலசீமியாப் பரிசோதனை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. முதற்சோதனை மணமகனுக்கே, அவருடைய சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால்தான் மணமகளுக்கு. செலவு கருதிய ஏற்பாடுதான். எனினும் பழியெல்லாம் பெண்மீதே விழும் வழக்கத்துக்கு அது ஒரு தடையாகவும் அமைந்திருக்கும். இருவரும் சுமப்போராயின் ஆலோசனை உண்டு, தடை இல்லை. பெரும்பாலோர் பிரிவர் என்றே எதிர்பார்த்தனர். 2001 இறுதிக்குள் 27 இலட்சத்துக்கு மேற்பட்ட இணையர் சோதிக்கப்பட்டனர். இருவருமே சுமப்போர் எனத் தெரியவந்த பத்தாயிரத்துச் சொச்சம் இணையரில் பாதிக்கும் மேற்பட்டோர் நிக்காஹை முடித்துக்கொண்டனர். கருவிலேயே நோயை அறிய இயலுமா என்பதே அவர்களுடைய கேள்வியாயிற்று.

அக்கேள்வி உலமாக்களின் வாசலுக்கும் சென்றது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸைக் கொண்டு, 120 நாளில் ரூஹ் ஊதப்படுகிறது என்பர் ஃபுகஹாக்கள். அதற்கு முன் தக்க காரணமிருப்பின் கலைக்கலாம் என ஹனஃபிகளில் பலர் கருத, மாலிகிகளில் பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே மறுத்தனர். மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹு கவுன்சில், தீராத கடுங்குறையை நம்பத்தகுந்த மருத்துவர் குழு உறுதி செய்தால் 120 நாளுக்கு முன் கலைக்க 1990இல் இசைவளித்தது. தலசீமியாவுக்கு அவ்விசைவை ஈரானில் வழங்கியது 1997இல் ஆயத்துல்லாஹ் காமெனயீயின் ஃபத்வா. 2005ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வல்லுநர்களின் முடிவு, சட்ட மருத்துவத் துறையின் உறுதிப்பாடு, தாயின் சம்மதம் ஆகியவற்றை நிபந்தனையாக்கியது. தாய்க்கு நேரும் ‘ஹரஜ்’, அதாவது தாங்கொணா இடர், அதன் அடிப்படை.

ஃபிக்ஹின் இவ்வெல்லை ஆய்வுக்கூடத்துக்கும் கெடு விதித்தது. பதினாறாம் வாரத்தில் பனிக்குட நீரெடுத்தால் முடிவு வருவதற்குள் நாள் கடந்துவிடக்கூடும். பத்து முதல் பன்னிரண்டாம் வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவைச் சோதிப்பது அதனாலேயே முதன்மை பெற்றது.

மக்கட்பெருக்கத்தை ஊக்குவிக்க 2021இல் வந்த சட்டம், கருக்குறைப் பரிசோதனைக்கு மருத்துவர் தாமே பரிந்துரைக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தி, கலைப்பு அனுமதியை நீதிபதி இடம்பெறும் குழுவிடம் ஒப்படைத்தது.