ஜாடிக்குள் ஒரு சந்தை

கல்யாண வீடியோ கேசட்டை இன்னும் பீரோவில் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். அநேகமாக அது வி.எச்.எஸ். ஆகத்தான் இருக்கும். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இல் வந்தது, ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இல். ஒரு வருடம் முந்திக்கொண்டும் பீட்டாமேக்ஸ் தோற்றது.

நல்ல சரக்கு ஜெயிக்கும் என்பது நான் பி.காம்.மில் படித்த பதில். எது நல்ல சரக்கு? ஜெயித்ததுதான்! (வட்டமாகச் சுற்றுகிறதே என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.)

பிரையன் ஆர்தர் என்ற பொருளியலாளர் 1983இல் வேறு மாதிரி எழுதினார். நாலு பேர் வாங்கியதை ஐந்தாவது ஆளும் வாங்குவான். வீடியோ லைப்ரரிக்காரரும் அந்தக் கேசட்டையே அதிகம் வைப்பார். ஆரம்பத்தில் தற்செயலாகக் கிடைத்த சின்ன முன்னிலை இப்படியே பெருத்துவிடும். பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. கட்டுரை அச்சேறியது 1989இல்தான்.

இதற்கு அடிப்படை, போல்யாவும் எக்கன்பெர்கரும் 1923இல் எழுதிய ஒரு ஜாடிக் கணக்கு. ஜாடியில் ஒரு சிவப்புக் கோலி, ஒரு வெள்ளைக் கோலி. கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். அதோடு அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்து உள்ளே போடுங்கள். மறுபடி எடுங்கள். எக்செல்லில் ரேண்ட் ஃபார்முலா தெரிந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கலாம். முதல் இருபது முறைக்குள் விகிதம் தாறுமாறாக ஆடும். ஆயிரம் தாண்டினால் அவ்வளவாக அசையாது. ஆனால் ஒரு தடவை சிவப்பு எண்பது சதவீதத்தில் நிற்கும், அடுத்த தடவை முப்பதில். இத்தனைக்கும் ஒரு கோலிக்கும் இன்னொன்றுக்கும் தரத்தில் வித்தியாசமே கிடையாது. கூட்டத்தின் இழுப்பைக் கொஞ்சம் கூட்டினால் ஒரே நிறம் கிட்டத்தட்ட முழு ஜாடியையும் பிடித்துக்கொள்ளும்.

கணினியின் உபயோகம் இங்கேதான். நிஜ வரலாறு ஒரு தடவைதான் ஓடும். இதை ஆயிரம் தடவை ஓட்டலாம்.

அதற்காக எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆரம்பகால பீட்டாமேக்ஸ் டேப்பில் ஒரு மணி நேரம்தான் பதியும், வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். ஒரு ஹாலிவுட் படம் பதிய ஒரு டேப் போதும். இது சின்ன விஷயமா?

சரி, மனுஷனும் கோலியும் ஒன்றா? 2006இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் அசல் ஆட்களை வைத்தே சோதித்து வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,341 பேர். ஒரு பகுதியினர் தாங்களாகவே கேட்டு இறக்கிக்கொண்டார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்று காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்களின் கணக்கில் 26ஆவதாக இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம். இன்னொன்றில் 40ஆவது! மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது மேலே வருவதும் அபூர்வம். நடுவில் இருந்தவைதான் எங்கு வேண்டுமானாலும் போய் நின்றன.

இங்கே இந்தூரில் என் மேஜைக்கு வரும் கடன் விண்ணப்பங்களில் முக்கால்வாசி அந்த நடுவாந்திர ரகம்தான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் மட்டும் ஐந்து வருட விற்பனை ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கும்.