வகை எது, குறியாக்கம் எது? அப்பாச்சி ஆவணத்தின் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்து

வலைச் சேவையகம் ஒரு கோப்பை அனுப்பும்போது அதைப் பற்றி இரண்டு செய்திகளைத் தனித்தனியே சொல்கிறது. கோப்பு என்ன வகை என்பதை ‘கன்டென்ட்-டைப்’ வரி தெரிவிக்கிறது. அதன்மேல் எந்தச் சுருக்கம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை ‘கன்டென்ட்-என்கோடிங்’ வரி தெரிவிக்கிறது. இரண்டாவது வரி வெறும் விவரம் அன்று. உலாவி சுருக்கத்தைப் பிரித்த பிறகே கோப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று அது அறிவிக்கிறது. ஆவணங்கள் இதை அழுத்திச் சொல்லாததால்தான் குழப்பம் நேர்கிறது.

அப்பாச்சி வலைச் சேவையகத்தின் 2.4 பதிப்புக்கான ஆவணத்தில் ‘மோட்-மைம்’ பக்கம் ஜிப் செய்யப்பட்ட வேர்டு கோப்பொன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது. ‘டாக்’ என்ற பின்னொட்டு வகையையும் ‘ஜிப்’ என்ற பின்னொட்டு குறியாக்கத்தையும் குறிப்பதாகவும், சேவையகம் ‘பிகேஜிப்’ என்ற குறியாக்கப் பெயரை அனுப்புவதாகவும் விளக்குகிறது.

இது தவறான வழிகாட்டல். 1999இல் வந்த வலை நெறிமுறைத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2616 வரையறுத்த குறியாக்கங்கள் ஜிசிப், கம்ப்ரெஸ், டிஃப்லேட், ஐடென்டிட்டி என்ற நான்கே. பின்னர் ப்ராட்லி போன்றவை சேர்ந்தன. பிகேஜிப் இன்றுவரை, இத்தகைய பெயர்களைப் பதிவுசெய்யும் ஐயானா அமைப்பின் பதிவேட்டில் இல்லை. ஜிப் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் காப்பகம் என்பதால் அதற்கெனத் தனி ஊடக வகையே உண்டு. வடிவத்துக்குள்ளேயே அடங்கிய சுருக்கத்தைக் குறியாக்கமாக மீண்டும் அறிவிக்க வேண்டியதில்லை என்று 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 தெளிவாக்குகிறது.

பல பின்னொட்டுகள் இயங்கும் விதத்தைக் காட்டவே அந்த எடுத்துக்காட்டு வந்தது என்று வாதிடலாம். ஆனால் நிர்வாகிகள் விளக்கத்தைவிட எடுத்துக்காட்டையே அமைப்புக் கோப்பில் படியெடுக்கிறார்கள்.

ஜிசிப் கோப்பிலும் இதே சிக்கல் உண்டு. பதிவிறக்கத்துக்கான ‘டார்.ஜிஇசட்’ கோப்பை, டார் வகை, ஜிசிப் குறியாக்கம் என்று சேவையகம் அறிவித்தால், உலாவி அதைப் பிரித்துச் சேமித்துவிடலாம். அப்போது பெயரில் ‘ஜிஇசட்’ இருக்கும், உள்ளே வெறும் டார் இருக்கும். வெளியீட்டாளர் தந்த சரிபார்ப்புத் தொகையும் பொருந்தாது. அப்பாச்சியுடன் வரும் அமைப்புக் கோப்பு இங்கே விவேகமாக நடந்துகொள்கிறது: ‘ஆட்-என்கோடிங்’ வரிகளைக் கருத்துரையாக முடக்கிவைத்து, ஜிசிப்பை ‘ஆட்-டைப்’ மூலம் ஒரு வகையாகவே அறிவிக்கிறது.

மற்றொரு வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸின் ‘ஜிசிப்-ஸ்டாட்டிக்’ கூறில் நிலைமை வேறு. பயனர் கேட்பது சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கம். உலாவி ஜிசிப்பை ஏற்குமானால், முன்கூட்டியே சுருக்கிவைத்த படியைச் சேவையகம் குறியாக்க வரியோடு அனுப்புகிறது. பிரித்த வடிவமே பயனருக்குத் தேவை என்பதால் இங்கே குறியாக்கம் முறையாகப் பொருந்துகிறது.

ஆகவே அப்பாச்சி ஆவணம் ஜிப் எடுத்துக்காட்டை நீக்கி, சுருக்கிய ஹெச்டிஎம்எல் கோப்பை அவ்விடத்தில் வைக்க வேண்டும். பயனர் கையில் சேர வேண்டியது சுருக்கிய கோப்பா, பிரித்த கோப்பா என்ற கேள்வியையும் முதலில் எழுப்ப வேண்டும். சுருக்கிய கோப்பே சேர வேண்டுமானால் அது வகை. பிரித்தது சேர வேண்டுமானால் அது குறியாக்கம்.