புகைக்கூடம் கற்பித்த பாடம்



முன்பெல்லாம் நம் ரப்பர் தோட்டங்களில் புகைக்கூடத்தை அறியாத பிள்ளை இல்லை. உறைந்த பாலை உருளையில் அழுத்தித் தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, ரப்பர் மர விறகின் புகையில் நாள்கணக்கில் உலர்த்துவார்கள். என் தந்தையார் அங்கே நெருப்புக் காத்தவர். சூடு மிஞ்சினால் தகட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். எது நேர்ந்தாலும் தரம் இறங்கிவிடும். ஆகவே இரவிலும் எழுந்து போய்ப் பார்ப்பார். இரண்டு விறகுகளை ஒன்றோடொன்று தட்டுவார். 'டங்' என்று ஒலித்தால் அடுப்புக்குப் போகும். மந்தமாக ஒலித்தால் அது ஈர விறகு, மீண்டும் வெயிலுக்குப் போகும்.

ரப்பர் தகட்டைப் பூசணத்திலிருந்து காத்த இதே புகைதான், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதனின் உணவைக் காத்தது. 1343இல் மாலத்தீவுக்குச் சென்ற பயணி இபின் பதூதா, அங்கே மீனை நான்காக வெட்டி, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையூட்டியதை எழுதியிருக்கிறார். அந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் சென்றதாம். நாம் மாசிக் கருவாடு என்பது அந்த வழியில் வந்ததுதான். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் தோசா பகுதியினர் சூரைமீனைப் புகையூட்டிக் கட்டைபோல் இறுகச் செய்யும் முறையை வளர்த்தனர். அதற்கு ஓக் போன்ற மரங்களையே எரித்தனர். நம் நாட்டில் நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்கள் சாலாய் இறைச்சியைத் தேங்காய்ப்பாலும் சிலி அப்பியும் சேர்த்துச் சமைப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதற்கு எந்த மரம் ஏற்றது? வன்மரம் என்பார்கள். வெட்டுவதற்குக் கடினமான மரம் என்பது அதன் பொருளன்று. அகன்ற இலையுடைய மரவகை என்பதே பொருள். ரப்பர் மரமும் அவ்வகையே. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பிசின் மிகுதி. அது கரும்புகை கக்கி, உணவைக் கசக்கச் செய்யும். வன்மரம் தணலாக எரியும்போது எழும் புகையில் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. ஆயினும் புகை மட்டும் போதாது. முதலில் உப்பிட வேண்டும். ஈரமும் வற்ற வேண்டும்.

விறகைப் பிளந்து, பட்டையை உரித்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாகப் பல மாதங்கள் அடுக்கி வையுங்கள். கொழுந்துவிட்டு எரிய விடாதீர்கள். கொழுப்புச் சொட்டி நெருப்பில் விழுந்தால் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் மிகும். ஒன்றை மறவாதீர்கள்: நாற்காலி, மேசை செய்யும் ரப்பர் பலகைக்குப் பூச்சி அரிக்காதபடி மருந்து ஏற்றுகிறார்கள். அந்தத் துண்டுகளும், சாயமடித்த பலகையும், ஒட்டுப்பலகையும் உணவருகே எரியவே கூடாது.

1965இல் தர நிர்ணயம் செய்த கட்டி ரப்பர் வந்தபின், புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரப்பர் விதையைக் கொண்டுவந்தவர் பெயரும், பால்வெட்டும் முறையைக் கண்டவர் பெயரும் நூல்களில் உண்டு. இரவெல்லாம் நெருப்புக் காத்தவர் பெயர் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றிரவே கேளுங்கள். பிள்ளைகள் அதை எழுதி வைக்கட்டும்.