நூறுக்கு மேல் இடமில்லை: ஹெச்.எல்.ஏ பட்டியலின் கதை

இன்னைக்கு ஒரு பட்டியலோட கதை. பட்டியல்ல என்னங்க கதைன்னு கேட்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காகக் காத்திருக்கிற ஒரு குழந்தைக்குக் கொடையாளர் கிடைப்பாரா மாட்டாரா என்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடப்படுகிறது. அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

1958-இல் பாரிஸில் ழான் தோசே என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம், வேறு சிலரின் வெள்ளை அணுக்களைக் கட்டி கட்டியாக ஒட்டவைத்தது. எல்லாருடைய அணுக்களையும் இல்லை, சிலருடையதை மட்டும். அப்படியானால் சிவப்பணுவுக்கு ஏ, பி என்று வகை இருப்பதுபோல வெள்ளை அணுவுக்கும் வகை இருக்க வேண்டும். தான் கண்ட முதல் வகைக்கு, சோதனைக்கு உதவிய மூன்று பேரின் பெயரெழுத்துகளைச் சேர்த்து 'மாக்' என்று பெயர் வைத்தார்.

அதே வருஷம் நெதர்லாந்தின் லைடனில் யான் வான் ரூடும், அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் இன்னொன்றைக் கண்டார்கள். பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்திலும் இதே எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. குழந்தையிடம் இருக்கும் அப்பாவழி வகைக்கு எதிராகத் தாயின் உடல் உண்டாக்குபவை அவை.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒரு சீரத்தில் ஒரே ஒரு எதிர்ப்பொருள் இருப்பதில்லை, பல கலந்து கிடக்கும். எது எதோடு வினை புரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வான் ரூட் என்ன பண்ணினார்? ஒவ்வொரு சீரத்தையும் பல கொடையாளர்களின் அணுக்களோடு சோதித்தார். பிறகு எந்த இரண்டு சீரங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். பேச்சுக்கு 60 சீரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,770 ஜோடிகள் வரும். கையால் போட்டால் ஆயுசு போதாது. கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். 1962-இல் வந்த அவருடைய ஆய்வேட்டில் '4ஏ', '4பி' என்ற இரண்டு வகைகள் தெளிவாக வெளிவந்தன. நோய் எதிர்ப்பியலில் கம்ப்யூட்டர் உருப்படியாகச் செய்த முதல் வேலைகளில் இதுவும் ஒன்று என்பது என் கணிப்பு.

ஆனா ஒரு ஆய்வகத்தின் 'மாக்' இன்னொரு ஆய்வகத்தில் எது? யாருக்கும் தெரியாது. 1964-இல் பெர்னார்ட் ஏமோஸ், அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் எல்லாரையும் கூட்டினார். அவரவர் முறையைக் கொண்டு வாருங்கள், ஒரே அணுக்களைச் சோதிப்போம் என்றார். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவே இல்லை. தங்கள் அளவீடு பக்கத்து மேஜையின் அளவீட்டோடு பொருந்தவில்லை என்று நேருக்கு நேர் பார்த்தபிறகும் அவர்கள் சண்டைபோட்டுப் பிரியவில்லை, அடுத்த வருஷம் லைடனில் மறுபடி கூடினார்கள். இடையில் பால் தெராசாகி ஒரு மைக்ரோலிட்டர் சீரமே போதும் என்கிற சின்னத் தட்டைக் கொண்டுவந்தார். அரிதான சீரத்தைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்து அனுப்ப அது வழிசெய்தது. 1968-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு பொதுப் பெயர்களை வெளியிட்டது. தோசேயின் மாக்கும் பெய்னின் எல்.ஏ.2-உம் ஒன்றுதான் என்று முடிவானது. இன்று அதன் பெயர் ஹெச்.எல்.ஏ-ஏ2.

இதற்குப் பிறகு லண்டனுக்கு வரணும். ஆன்டனி நோலன் என்ற சிறுவனுக்கு விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு. குடும்பத்தில் பொருத்தமானவர் இல்லை. அவன் அம்மா ஷெர்லி, 1974-இல் முன்பின் தெரியாதவர்களைக் கொடையாளர்களாகப் பதிவு செய்யும் பதிவேட்டைத் தொடங்கினார். மகனுக்குக் கடைசிவரை யாரும் கிடைக்கவில்லை, 1979-இல் இறந்துபோனான். பதிவேடு நிற்கவில்லை. அந்த அமைப்பின் ஆய்வு நிறுவனத்தில்தான் ஸ்டீவன் மார்ஷ் குழு 1998-இல் ஹெச்.எல்.ஏ வரிசைகளுக்கான பொதுத் தரவுத்தளத்தை இணையத்தில் திறந்தது.

அந்தத் தளத்துக்கு ஒரு வேடிக்கையான தலைவலி வந்தது. மரபணு வகைகளுக்கு 'ஏ*0201' மாதிரி எண். முதல் இரண்டு இலக்கம் குடும்பம், அடுத்த இரண்டு உறுப்பினர். ஒரு குடும்பத்தில் 99 பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஏ*02-உம் பி*15-உம் அதைத் தாண்டின. முதலில் ஏ*92, பி*95 என்று பக்கத்தில் ஒரு குடிசை போட்டுச் சமாளித்தார்கள். மத்த குடும்பங்களும் நிரம்பத் தொடங்கியதும், 2010 ஏப்ரலில் நடுவில் முக்காற்புள்ளி வந்தது: ஏ*02:01. ஒரு புள்ளிக்காக உலகத்தின் பதிவேடுகளும் ஆய்வக மென்பொருள்களும் ஒரே சமயத்தில் மாற வேண்டியிருந்தது. மாறாமல் விட்டால், பொருத்தமான கொடையாளர் பதிவேட்டில் இருந்தும் தேடலில் அகப்படாமல் போகலாம்.

இன்று அந்தத் தளத்தில் 35,000-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு வருகிறது. இந்த வகைகள் வம்சாவளிக்கு ஏற்ப மாறுவதால், ஐரோப்பியர்களே அதிகமுள்ள பதிவேட்டில் நம்ம ஊர் நோயாளிக்குப் பொருத்தம் கிடைப்பது கடினம். 2009-இல் சென்னையில் தாத்ரி என்ற கொடையாளர் பதிவேடு தொடங்கியது. அங்கே ஒருவர் கன்னத்தின் உட்புறம் பஞ்சு தடவிக் கொடுக்கும் மாதிரியும், கடைசியில் இதே முக்காற்புள்ளி போட்ட எண்ணாகத்தான் பதிவாகிறது.