முற்றுகை முடியுமுன் உருவான படம்: வேகோ நிகழ்வும் தொலைக்காட்சி நாடகமும்

வரலாற்று நிகழ்வு நாடகமாவதற்குச் சிறிது காலம் கழிதல் வேண்டும். சான்றுகள் திரண்டு வருவதும் சினம் தணிவதும் அக்காலத்தில்தான். அவ்விடைவெளியே இன்றி உருவான படைப்புக்கு, 1993 மே 23 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘இன் தி லைன் ஆஃப் டியூட்டி: ஆம்புஷ் இன் வேகோ’ என்னும் படம் தக்க சான்றாகும்.

டெக்சாஸ் மாநிலத்து வேகோ நகருக்கு அருகில், மவுண்ட் கார்மல் வளாகத்தில் ‘பிராஞ்ச் டேவிடியன்’ சமயக் குழுவினர் வாழ்ந்துவந்தனர். விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூல் கூறும் ஏழு முத்திரைகளுக்குப் பொருளுரைக்க வல்லவர் தம் தலைவர் டேவிட் கோரெஷ் என்பது அவர்தம் நம்பிக்கை. சட்டத்திற்குப் புறம்பான படைக்கலங்கள் இருப்பதாக ஐயுற்ற நடுவண் அரசு அலுவலர்கள் 1993 பிப்ரவரி 28 அன்று உள்நுழைய முயன்றனர். அன்றைய துப்பாக்கிச் சண்டையில் அலுவலர் நால்வரும் குழுவினர் அறுவரும் மடிந்தனர். தொடர்ந்த முற்றுகையின் 51ஆம் நாளான ஏப்ரல் 19 அன்று வளாகம் தீக்கிரையாயிற்று. குழந்தைகள் உட்பட 76 பேர் இறந்தனர்.

முற்றுகை நீடிக்கும்போதே படப்பணிகள் தொடங்கிவிட்டன. ஒளிபரப்பின்போது தீ நிகழ்ந்து 34 நாள்களே ஆகியிருந்தன. எனினும் கதை பிப்ரவரி 28உடன் நின்றுவிடுகிறது. ‘ஆம்புஷ்’ என்பதற்குப் பதுங்கியிருந்து தாக்குதல் என்பது பொருள். ஆக, தலைப்பே தீர்ப்பாகிவிடுகிறது. முதலில் சுட்டவர் யார் என்பதோ இன்றளவும் வழக்கில் உள்ள வினா. குண்டுத் துளைகளைக் கொண்டு அதனைத் துணியப் பயன்பட்டிருக்கக்கூடிய இரட்டை வாயிற்கதவின் ஒரு பாதி, தீக்குப்பின் கிடைக்கவில்லை. தாக்குதல் திட்டம் முன்னரே வெளிப்பட்டதும் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளராலேயே: வழி தெரியாது அவர் வினவிய அஞ்சல்காரர் கோரெஷின் மைத்துனர். மறைவு கலைந்ததை அறிந்தும் அதிகாரிகள் முன்னேறினர் என அரசின் கருவூலத்துறை அறிக்கையே அவ்வாண்டு செப்டம்பரில் குறைகூறிற்று.

ஒரே முற்றுகையை மதிலை வளைப்போர் பக்கம் நின்று உழிஞை எனவும், காப்போர் பக்கம் நின்று நொச்சி எனவும் புறப்பொருள் வெண்பாமாலை இருவேறு திணைகளாக்கும். இப்படத்தில் நொச்சி இல்லை. அதனைப் படைத்தோர் பொய்யுரைத்தனர் என்பது நம் கருத்தன்று. அவர்களுக்குக் கிட்டிய சான்று பெரும்பாலும் ஒரு பக்கத்ததே. 1994இல் நடந்த வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட 11 பேரையும் கொலை, சதி ஆகிய குற்றங்களினின்று நடுவர் குழு விடுவித்தது. சிலர் அவற்றினும் குறைந்த குற்றங்களுக்கே தண்டனை பெற்றனர். திரைக்கதையாசிரியரும் பின்னாளில் தம் எழுத்துக்கு வருந்தினார். எனவே இப்படம் பிப்ரவரி 28க்குச் சான்றாகாது; 1993 மே மாதத்து அமெரிக்கப் பொதுமனத்துக்கே சான்றாகும்.

பிப்ரவரியுடன் கதை முடிந்தமையால் விடுபட்டவற்றுள் உரைமரபில் பயின்றோர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஏழு முத்திரைகளுக்கும் உரையெழுதி முடித்ததும் வெளிவருவதாகக் கோரெஷ் ஏப்ரல் 14 அன்று கடிதம் விடுத்தார். ஐந்தாம் நாள் தீ மூண்டது. முதல் முத்திரைக்கான உரை மட்டும், தப்பிவந்த பெண்ணொருவர் கொணர்ந்த கணினித் தட்டில் எஞ்சியது.