வீரசோழியமும் செங்கணத்துக் காரிகையும்

அணியிலக்கணம் என்றவுடன் நம் மாணவர்க்குத் தண்டியலங்காரமே நினைவுக்கு வரும். அதற்கு முன்னரே அலங்காரத்தைத் தமிழிலக்கணத்துள் தனிப் பகுதியாக அமைத்த நூல் வீரசோழியம். அந்நூற்பெயருக்கு உரிய வீரராசேந்திர சோழன் (1063–1070) ஆட்சி புரிந்த தலைநகர், இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம். சுற்றுலா அழைத்துச் செல்லும் மாணவர்க்கு அங்குள்ள விமானத்தைக் காட்டுகிறோம். இந்நகர மன்னன் பெயரால் ஓர் இலக்கணம் உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஆசிரியர் புத்தமித்திரனார் பௌத்தர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என்னும் ஐந்தையும் கட்டளைக் கலித்துறையில் ஒரே நூலாக யாத்தார். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன்வழி உவமம் ஒன்றையே விரித்துரைத்தார். புத்தமித்திரனாரோ வடமொழித் தண்டியாசிரியர் நெறியைத் தழுவி அணிகள் பலவற்றைத் தமிழில் வகுத்தார். சொல்லிலக்கணத்திலும் தத்திதம், தாது, தற்புருடன், கன்மதாரயம் என வடமொழிப் பெயர்களே மிகுந்தன. இது வேண்டாத வேலை என ஒதுக்குவாரோடு எனக்கு உடன்பாடில்லை; இரு மொழிகளின் அமைப்பை அருகருகே வைத்து நோக்கிய அறிஞரின் முயற்சி அது. ஆயினும் கற்போனுக்குச் சுமைதான். பண்புத்தொகையை அறிய அவன் கன்மதாரயத்தையும் மனனம் செய்ய வேண்டியிருந்தது. பின்னர்த் தண்டியலங்காரமும் நன்னூலும் தோன்றின. பாடஞ்சொல்வோர் அவற்றையே கைக்கொண்டனர். 1881-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்த பின்னரே வீரசோழியம் அச்சில் பரவிற்று.

அப்பதிப்புக்குச் சற்று முன்னர் இதே வட்டாரத்தில் இலக்கணம் எவ்வாறு பயிலப்பட்டது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சான்றாகிறது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசையும் கதையும் நிகழ்த்தி வாழ்ந்தவர். அவரோடு அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என இளமையிலேயே இடம் பெயர்ந்தார் ஐயர். அரியலூர்ச் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் பயிற்றினார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை பாடஞ்சொன்னார். (அவ்வூரை இன்று செங்குணம் என்கிறோம், பெரம்பலூரை அடுத்தது.) 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று சேருமுன் அம்மாணவர்க்கு இலக்கண அடிப்படை இட்டது இம்மண்ணே. ஆசிரியர் மூவரும் கல்லூரி கண்டவரல்லர். தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. செய்யுள் இயற்றும் ஆசை இருந்தது; அதற்குக் காரிகை தேவைப்பட்டது.

காரிகையும் வீரசோழியமும் ஒரே யாப்பினவே. அரசன் பெயர் தாங்கிய நூல் அவன் தலைநகர்ப் பகுதியிலேயே கற்பாரின்றி நிற்க, மற்றொன்று ஏட்டிலும் நாவிலுமாகச் செங்கணம் வரை வந்திருக்கிறது. இங்கே சமயக் காரணத்தை மட்டும் கூறுவது போதாது. காரிகை சமணர் செய்த நூலன்றோ! அதனைச் சைவரும் வைணவரும் பயின்றனர். கவி எழுத விழைந்தவர்க்கு அது கைக்கருவியாயிற்று.

இன்று என் வகுப்பில் உருவகத்திற்கு இலக்கணம் கேட்டால் பிழையின்றி எழுதுவர். ‘பஞ்சுமேகம்’, ‘மேகப்பஞ்சு’ இரண்டனுள் எது உருவகம் என்றால் தயங்குவர். பருத்தி விளையும் ஊர்ப் பிள்ளைகள்! பஞ்சு போன்ற மேகம் உவமைத்தொகை; மேகமாகிய பஞ்சு உருவகம் என்று விளக்கியபின், வாய்பாடுகளை ஒதுக்கிவைத்து, ஆளுக்கொரு கட்டளைக் கலித்துறை எழுதிவரச் சொன்னேன். நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்பது மட்டுமே நான் கொடுத்த குறிப்பு. பெரும்பாலோர் வெறுங்கையுடன் வந்தனர். ஒரு மாணவி மட்டும் தாளை நீட்டி, “மூன்றாம் அடியில் எழுத்து மிகுந்துவிட்டது, அம்மா” என்றாள். ஒற்றுகளையும் சேர்த்து எண்ணியிருந்தாள். அவற்றை நீக்கி இருவரும் மீண்டும் எண்ணினோம். பதினாறு.